ஹெட்லைட்டுக்கு எந்த பல்பு?

மன்னார்குடி பக்கம் ராத்திரி கார் ஓட்டுறவங்களுக்குத் தெரியும். அறுப்பு நேரத்துல பாதி ரோட்டுல நெல்லு காயும், ஓரத்துல வரிசையா கருங்கல்லு, முன்னாடி பின்லைட் எரியாத டிராக்டர். வெளிச்சம் வேணும்தான். அதுக்காக 100/90 வாட் பல்பைப் போட்டுடாதீங்க. ஹை பீம், லோ பீம் ரெண்டும் ஒரே பல்புல வர்ற எச்4 வகைக்கு அளவு 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. மீறினா சட்டப்படியும் தப்பு, ஹோல்டரும் உருகும். ஹாலஜன் பல்புக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டருக்குள்ள எல்இடியைச் சொருகினா வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவருக்குக் கண்ணு கூசும். வாய்க்கால் ஓரத்து ரோட்டுல அவர் எங்க ஒதுங்குவார், சொல்லுங்க?

அதே 60/55-லயே கூடுதல் வெளிச்சம் தர்ற ஹாலஜன் கிடைக்குது. விலை கூட, ஆயுசு கம்மி. அதுக்கும் முன்னாடி மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியை பாலிஷ் போட்டு, பீம் உயரத்தைச் சரி பண்ணிப் பாருங்க. நிறைய பேருக்கு அதுவே போதும். நீலப் பூச்சு பல்பு மட்டும் வேண்டாங்க, பூச்சே வெளிச்சத்தைத் தின்னுடும்.