டைக்ஸ்ட்ரா: ஒரு பெயரைத் தோண்டிய மூன்று வாரம்

கல்லூரியில் நாங்கள் 'டிஜிக்ஸ்ட்ரா' என்றுதான் சொல்வோம். இரண்டு இடங்களுக்கிடையே குறுகிய வழி கண்டுபிடிக்கும் அல்காரிதம், அதாவது கணினிக்கான செய்முறை, எட்டு மார்க் கேள்வி. புரோகிராமில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) எழுதும் ஐ, ஜே, கே எழுத்துகள் மூன்றும் Dijkstra என்ற பெயருக்குள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று தேடக் கிளம்பியது இப்போதுதான்.

முதல் வாரம் சொல்லைப் பிரிப்பதிலேயே போனது. நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து, தனக்கென்று தனி மொழி உள்ள மாகாணம். பெயரின் வாலில் வரும் 'ஸ்ட்ரா' அந்தப் பக்கத்து முத்திரை. இன்ன இடத்தில் குடியிருப்பவர் என்று பொருள். 'டைக்' என்றால் வெள்ளத்தைத் தடுக்கும் கரை. ஆக, கரையோரத்துக்காரர். இது பிடிபட்டதும் மற்றவையும் அவிழ்ந்தன. ஹூக்ஸ்ட்ரா மூலைக்காரர், ஸைல்ஸ்ட்ரா மதகடிக்காரர். டெர்ப்ஸ்ட்ரா, மண் கொட்டி உயர்த்திய மேட்டில் இருந்தவர். கரைகள் வருமுன் வெள்ளத்துக்குத் தப்ப அந்த மேடுகள்தான் கதி.

இரண்டாம் வாரம் ஆட்களைத் தேடினேன், மாட்டிக்கொண்டேன். ஃப்ரீஸ்லாந்தின் பழைய பதிவேடுகள் 'அல்லே ஃப்ரீசன்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெயரை அடித்தால் 1811-க்குப் பிறகு கொட்டுகிறது, அதற்கு முன் மெலிகிறது. காரணம் நெப்போலியன். 1810-ல் நாட்டையே பிரான்சோடு சேர்த்துக்கொண்டவர், 1811 ஆகஸ்ட் 18 அன்று எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் பதிய வேண்டும் என்று ஆணையிட்டார். மேற்குப் பக்கம் பலருக்கு ஏற்கெனவே இருந்தது. ஃப்ரீஸ்லாந்திலோ பலரும் அப்பா பெயரோடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள், நம் இனிஷியல் மாதிரி. பீட்டரின் மகன் யான் பீட்டர்ஸ். அவர் மகன் பீட்டர் யான்ஸ். ஆணை வந்தும் அசையாதவர்கள் இருந்ததால் 1825-ல் அரசர் முதலாம் வில்லெம் மறுபடி ஆணை போட்டார்.

ஒரே கிராமத்தில் இரண்டு டைக்ஸ்ட்ரா குடும்பங்களைப் பார்த்ததும் அண்ணன் தம்பி என்று கோடு போட்டு இணைத்துவிட்டேன். நான்கு நாள் வேலை வீண். 1811 பதிவேட்டில் குடும்பத் தலைவர் தன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்களையும் வயதையும் சொல்லிப் பதிந்திருக்கிறார். அதைத் திறந்த பிறகுதான் இருவருக்கும் அப்பாவே வேறு என்று தெரிந்தது. கரை ஓடும் ஊரில் கரையோரத்துக்காரர் ஒருவர்தானா இருப்பார்? இப்போது குடும்பப் பெயரை ஓரமாக வைத்துவிட்டு முதற்பெயர்களைப் பிடித்துப் போகிறேன். பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு, அது கைகொடுக்கிறது.

அல்காரிதத்துக்குச் சொந்தக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930-ல் ரோட்டர்டாமில் பிறந்தவர். 1957-ல் ஆம்ஸ்டர்டாமில் கல்யாணத்தைப் பதியும்போது தொழில் 'புரோகிராமர்' என்றாராம். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று மறுத்து, 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று எழுதிவிட்டார்கள். இதைப் படித்ததிலிருந்து பதிவேட்டில் தொழில் என்ற கட்டத்தைப் பார்த்தாலே சந்தேகம் வருகிறது.

நேற்று ஃப்ரீசிய மொழி அகராதியில் 'டைக்' பார்த்தேன். கரை என்பதோடு சாலை என்றும் பொருளாம். கரைமேல்தானே பாதை போகும்! குறுகிய வழி கண்டுபிடித்தவரின் பெயரிலேயே வழி இருந்திருக்கிறது, எட்டு மார்க் வாங்கியபோது யாரும் சொல்லவில்லை.

அடுத்து, 1811-க்கு முந்தைய தேவாலய ஞானஸ்நானப் புத்தகங்கள். இரண்டு பக்கம் திறந்து பார்த்தேன். கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது.