வேலூர்க்காரன் குளிருக்குப் போன கதை

மே மாதம் 40 டிகிரி தாண்டும் ஊரில் வளர்ந்தவனுக்கு மார்கழிப் பனியே பெரிய குளிர். அந்த நான் டிசம்பரில் மூன்று வாரம் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வந்தேன்.

லாங் பஜாரில் அம்மா தேடி வாங்கிய தடி ஸ்வெட்டரை ஒருநாள்தான் போட்டேன். வீடு, ரயில், கடை எங்கும் ஹீட்டர். உள்ளே வேர்த்துக் கொட்டி, வெளியே வந்ததும் அந்த ஈரமே நடுங்க வைக்கும். மெல்லிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி மாதிரி மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை, அதற்கும் மேல் காற்று புகாத ஜாக்கெட். போதும், கழற்றி மாட்டவும் சுலபம். நம்ம ஆம்பூர் லெதர் ஷூவைப் பெருமையாகப் போட்டுப் போனது தப்பு. வழவழ அடிப்பாகம், உறைந்த நடைபாதை. அக்கா மகன் எதிரிலேயே மல்லாக்க விழுந்தேன்.

பணமா? கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை பேங்க் ஆப்பில் இங்கேயே ஆன் செய்துவிடுங்கள். அங்கே ஏடிஎம் "ரூபாயா, யூரோவா?" என்று கேட்கும். நம்ம பணமாச்சே என்று ரூபாயைத் தொட்டேன். மெஷின் வைத்த ரேட்டில் கை சுட்டது. யூரோவையே அழுத்துங்கள். கொஞ்சம் நாணயமும் பையில் இருக்கட்டும், ஸ்டேஷன் கழிப்பறைக்கே காசு.

அப்புறம், நம்ம பக்கத்து இனிப்பான ஆற்காடு மக்கன் பேடா. அதில் பால்கோவா இருக்கிறதே! பால், இறைச்சிப் பண்டங்களை ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோகக் கூடாது. அம்மா கட்டிக்கொடுத்த ஒரு கிலோ டப்பாவை காட்பாடி ஸ்டேஷனிலேயே பிரித்து, வழியனுப்ப வந்தவர்களும் நானுமாகத் தின்று தீர்த்தோம்.