பாசிட்டிவ் என்றார்கள், எண்ணைச் சொல்லவில்லை

சனிக்கிழமை சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து போன். "உங்க பேபிக்கு ஸ்கிரீனிங்ல தைராய்டு பாசிட்டிவ் சார். டாக்டரைப் பாருங்க." எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்டேன். "பாசிட்டிவ்னா பாசிட்டிவ்தான் சார்." டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம், ரிப்போர்ட்டும் அன்றைக்குத்தானாம். மகள் பிறந்து ஐந்தாவது நாள்.

அன்று ராத்திரி போனில் தேட உட்கார்ந்ததுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. பிறவியிலேயே தைராய்டு குறைவாக இருந்தால் குழந்தை ஓயாமல் தூங்கும், மஞ்சள் காமாலை சீக்கிரம் இறங்காது, வயிறு உப்பும், தொப்புள் துருத்தும், கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும். பச்சைக் குழந்தை தூங்காமல் வேறென்ன செய்யும்? அவள் கண்ணை மூடினால் போதும், மனைவி உள்ளங்காலைச் சுண்டி எழுப்பிவிடுவாள். அழுதால், குரல் கரகரவென்று இருக்கிறதா என்று இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். "மாசமா இருக்கும்போது முட்டைக்கோஸ் சாப்பிட்டேனே, அதனாலயா?" ராத்திரி இரண்டு மணிக்கு இந்தக் கேள்வி. மாமியார் மட்டும், "பால் குடிக்குது, துணி நனைக்குது, அப்புறம் என்ன?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை கார் பிடித்து மணப்பாறையிலிருந்து திருச்சிக்குப் போனோம். ஒரு லேப் திறந்திருந்தது. ஆனால் பச்சைக் குழந்தைக்கு நரம்பில் ரத்தம் எடுக்கிற சிஸ்டர் அன்று லீவு. கிளம்பும் முன் ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆறு நாள் குழந்தையையும் தையல் ஆறாத தாயையும் வெயிலில் அலைக்கழித்ததுதான் மிச்சம்.

திங்கட்கிழமை டாக்டர் மூன்று கேள்வி கேட்டார். அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா? இல்லை. தொப்புளில் பெட்டாடின் போட்டீர்களா? அதில் இருக்கும் அயோடினாலும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) கூடுமாம், நாங்கள் போடவில்லை. ஸ்கிரீனிங்குக்காகக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தபோது குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம்?

அங்கேதான் குட்டு உடைந்தது. பிறந்தது திங்கள் இரவு 9 மணி, டிஸ்சார்ஜ் அவசரத்தில் குத்தியது செவ்வாய் இரவு 7 மணி. அதாவது 22 மணி நேரம். ரிப்போர்ட்டிலோ வயது '3 நாள்'! ரத்தச் சொட்டு வைத்த அட்டை லேபுக்குப் போய்ச் சேர்ந்த வியாழக்கிழமையைச் சாம்பிள் எடுத்த நாளாகப் போட்டுவிட்டார்கள். பிறந்தவுடன் எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச். எகிறி, அடுத்த இரண்டு மூன்று நாளில் இறங்கும். அதனால்தான் 48 மணி நேரம் கழித்து எடுப்பது நல்லது என்கிறார்கள். எங்களுக்கு வந்தது 27. லேப் வைத்திருந்த வரம்பு 20, அதுவும் இரண்டு நாள் தாண்டிய குழந்தைக்கு உரியது.

"அப்போ விட்டுடலாமா டாக்டர்?" என்றேன். நல்ல திட்டு விழுந்தது. நிஜமாகவே குறைபாடு இருந்தால் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டுமாம். 40-க்கு மேல் வந்திருந்தால், நரம்பில் ரத்தம் எடுத்த கையோடு, ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திராமல் தொடங்கியிருப்பாராம். எனவே போன் வந்தால் எண்ணைக் கேளுங்கள், சொல்லும் வரை போனை வைக்காதீர்கள். ரத்தம் எடுத்த நேரத்தை நீங்களே குறித்து வையுங்கள், அட்டையில் என்ன எழுதுகிறார்கள் என்றும் எட்டிப் பாருங்கள். மறுபரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

செவ்வாய் மதியம் மறுபரிசோதனை ரிசல்ட்: டி.எஸ்.எச். 4.9, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) 1.5. இரண்டும் நார்மல். மனைவி அந்த வாட்ஸ்அப்பை நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, குழந்தையை எழுப்பாமல் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள்.

பத்து நாள் கழித்து அதே குரல். "சார், உங்க பேபிக்கு பாசிட்டிவ் வந்திருக்கே, ரிப்பீட் பண்ணலையா?" பண்ணி நார்மல் என்று வந்துவிட்டது என்றேன். வயதைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், திருத்துங்கள் என்றும் சொன்னேன்.

"அதுக்கு நேர்ல வந்து லெட்டர் குடுக்கணும் சார்."