மஞ்சள் கோடு எங்கே விட்டுவிட்டு வருகிறது? சிங்கப்பூர்ப் பேருந்துத் தடத்தில் பழகிய அனுபவம்

இந்திய ஓட்டுநர் உரிமத்தைச் சிங்கப்பூர் உரிமமாக மாற்ற, முதலில் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேற வேண்டும். 50 கேள்விகளில் 45 சரியாக இருக்க வேண்டும். முதல் தடவை எனக்கு 43தான் வந்தது. பேருந்துத் தடம் (பேருந்துகளுக்கென்றே ஒதுக்கிய சாலைத் தடம்) பற்றிய கேள்விகளுக்கெல்லாம் குத்துமதிப்பாகத்தான் விடை போட்டிருந்தேன். 15 வருடம் கார் ஓட்டியும் இப்படி ஒரு தடத்தோடு எனக்குப் பழக்கமே இருந்ததில்லை.

அடுத்த நாள் காலை ஒரு பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. இடது ஓரத் தடத்தைப் பிரித்து மஞ்சள் கோடு மட்டும் ஓடினால், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் அது பேருந்துகளுக்கு. மஞ்சளோடு ஒட்டிச் சிவப்புக் கோடும் ஓடினால் முழுநாள் தடம்: திங்கள் முதல் சனி வரை, காலை 7.30 முதல் இரவு 11 வரை. பொது விடுமுறையில் இரண்டும் கிடையாது. தீபாவளி வார நாளில் வந்தாலும் அன்றைக்கு எல்லோரும் போகலாம். ஆக, கோட்டின் நிறம், மணி, கிழமை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 9.27க்குத் தடம் காலியாகக் கிடந்தாலும் இன்னும் மூன்று நிமிடம் அது நமக்கில்லை.

இரண்டாம் தடவை தேறினேன். உரிமமும் கைக்கு வந்தது.

ஆனால் காலை நெரிசலில் இடப்பக்கம் திரும்புவதுதான் நிஜமான தேர்வு என்று நினைக்கிறேன். திரும்ப வேண்டுமானால் பேருந்துத் தடத்தைக் கடந்தே ஆக வேண்டும். அதற்குத்தான் கிளைச்சாலைக்கு முன்னால் மஞ்சள் கோடு துண்டு துண்டாக மாறுகிறது. அந்த இடம் வரும் வரை பொறுக்க வேண்டும். முதல் நாள், திருப்பம் தவறிவிடுமோ என்ற பதற்றத்தில், கோடு முழுதாக ஓடும்போதே உள்ளே நுழையப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு இரட்டை மாடிப் பேருந்து. சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்பிப் பழைய தடத்திலேயே நின்றேன். மேல் மாடியில்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் அவசரத்துக்காகப் பேருந்து பிரேக் போட்டிருந்தால் அத்தனை பேரும் குலுங்கியிருப்பார்கள். அந்த எண்ணம் இன்னும் உறுத்துகிறது.

இப்போது தூரத்திலேயே இண்டிகேட்டர் போட்டுவிடுவேன். கண்ணாடியைப் பார்ப்பேன், தோளுக்குப் பின்னாலும் ஒரு தடவை. சைக்கிளும் அந்தத் தடத்தில் வரலாம். துண்டுக் கோடு வந்ததும், இடமிருந்தால் மட்டும் நுழைவேன். இடம் கிடைக்காவிட்டால் நேரே போய் அடுத்த திருப்பத்தில் சுற்றி வருவேன். ஐந்து நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

இன்னொன்று, நிறுத்தத்தை விட்டுப் பேருந்து வெளியே வரும் இடம். தரையில் மஞ்சள் கட்டமும் முக்கோணமும் வரைந்திருந்தால் கட்டாயம் வழிவிட வேண்டும். 2008இல் வந்த விதி இது. போன வாரம் அப்படி ஒரு கட்டத்துக்கு முன்னால் நின்றேன். பேருந்து மெல்ல வெளியே வந்தது. ஓட்டுநர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நானும் கையைத் தூக்கினேன்.