சோதனைக் குழாயில் 20 நிமிடம்

செட்டிநாட்டில் ‘பெரியாஸ்பத்திரி’ என்றால் ஊருக்கு ஊர் வேறு. கல்லல்காரருக்கு அது காரைக்குடி ஜி.எச். காரைக்குடியில் அதே சொல்லைச் சொன்னால் சிவகங்கை மருத்துவக் கல்லூரி. அங்கும் முடியாதென்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனை. மதுரையில் மருத்துவக் கல்லூரி 1954-லேயே வந்துவிட்டது. வள்ளல் அழகப்பர் புண்ணியத்தில் கல்லூரிகளையும் ஆராய்ச்சிக் கூடத்தையும் அந்தக் காலத்திலேயே பார்த்த இந்தப் பக்கத்துக்கு, மருத்துவக் கல்லூரி எட்ட 2012 ஆனது. அதற்கு முன் சிக்கலான கேஸ் என்றால் மதுரைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் போக வேண்டும்.

வென்டிலேட்டர், டயாலிசிஸ், ரத்த வங்கி, ராத்திரியிலும் டாக்டர்கள்: பெரியாஸ்பத்திரி என்றதும் நினைவுக்கு வருவது இவைதான். ஆனால் அங்கே கற்றுக்கொடுக்கும் வேலையும் நடக்கிறது என்பதுதான் இந்த வட்டாரத்துக்குப் பெரிய பலன். பாம்புக்கடியை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும்.

சீமைக் கருவேல் வெட்டும்போதும் கண்மாய்க் கரையில் நடக்கும்போதும் கடிப்பது பெரும்பாலும் விரியன். சுருட்டை விரியனோ கண்ணாடி விரியனோ, இரண்டின் விஷமும் ரத்தத்தை உறையவிடாது. அதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் கட்டி அடியிலேயே நிற்கும். விஷம் ஏறியிருந்தால் தண்ணீர் மாதிரி ஓடிவரும்.

இவ்வளவு எளிய சோதனையிலும் தவறு நடக்கும். பிளாஸ்டிக் குழாயில் எடுத்தால் நல்ல ரத்தமும் சரியாக உறையாது. உறைதலைத் தொடங்கிவைப்பதே கண்ணாடிப் பரப்புதான். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் அப்படியே ஏமாற்றும். பத்தாவது நிமிடத்திலேயே பொறுமையில்லாமல் சாய்த்துப் பார்ப்பதுண்டு. கூட்டம் நெரியும் நேரத்தில் எத்தனை மணிக்கு வைத்தோம் என்பதே மறந்துபோகும். குழாயில் பிளாஸ்டர் ஒட்டி நேரத்தை எழுதிவிட்டால் தீர்ந்தது.

உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து 10 குப்பி. பெரியவருக்கும் குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. மருந்து ஏறும்போதே அலர்ஜி வரலாம்; அதை அடக்கும் அட்ரினலின் ஊசி மருந்தை முன்கூட்டியே சிரிஞ்சில் எடுத்து வைத்திருக்க வேண்டும். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். 6 மணி நேரம் கழித்து மறுபடி குழாய்ச் சோதனை. அந்த 6 மணி நேரத்துக்கும் காரணம் உண்டு: உறைவதற்கு வேண்டிய பொருள்களைக் கல்லீரல் திரும்ப உண்டாக்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

அதனால்தான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் ரெஃபரல் சீட்டில் ‘ஏ.எஸ்.வி. (விஷமுறிவு மருந்து) போடப்பட்டது’ என்று மட்டும் எழுதுவது எரிச்சலை விட வருத்தத்தையே தருகிறது. எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு என்று இல்லாவிட்டால் அடுத்த சோதனையை எப்போது வைப்பது? முதல் டோஸையே போடாமல் ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவது அதைவிட மோசம். வழியில் போகும் ஒவ்வொரு நிமிடமும் சிறுநீரகத்துக்குத்தான் கேடு.

கட்டு விரியன் வேறு ரகம். தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும். வீக்கம் இராது, வலியும் பெரிதாக இராது. விடிகாலையில் வயிற்று வலி என்று வருவார்கள். பிறகு இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு அடங்கும். ரத்தம் உறைகிறதே என்று திருப்பி அனுப்பினால் உயிர் போய்விடும். இவர்களை அனுப்பும்போது வண்டியில் ஆம்பு பையை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்தத் தெரிந்தவர் கட்டாயம் உடன் போக வேண்டும். கிளம்பும்போதே போன் செய்து சொன்னால் வென்டிலேட்டர் தயாராக இருக்கும்.

இதையெல்லாம் ஹவுஸ் சர்ஜன், அதாவது ஒரு வருடப் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர், கற்றுக்கொள்வது புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் டே ராத்திரிகளில், கட்டில் பக்கத்தில் நின்று. குழாயைத் தன் கையால் சாய்த்துப் பார்த்தவர், இமையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தவர், நாளை ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக நிற்கும்போது பதற மாட்டார். அந்த ஒரு வருடத்தை லேபுக்கு சாம்பிள் கொண்டுபோகவும் ஸ்ட்ரெச்சர் தள்ளவுமே செலவழித்தால் நஷ்டம் கிராமத்துக்குத்தான். ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நோயாளி வீடு திரும்பும்போது கொடுக்கும் சீட்டுக்கும் இதே கவனம் வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு வரும். விஷமுறிவு மருந்துக்கு உடம்பு தாமதமாகக் காட்டும் எதிர்ப்பு அது. ஊரில் பார்ப்பவர் சிக்குன்குனியா என்று நினைக்க இடமுண்டு. போட்ட குப்பிகளின் எண்ணிக்கையும் தேதியும் சீட்டில் இருந்தால் அவருக்கு உடனே பிடிபட்டுவிடும்.