பீமின் முனையிலிருந்து தெரியாதது

16 ஆண்டுகள் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளராக இருந்த பிறகுதான் நடுவர் தேர்வு எழுதி, ஒரு சீசன் முழுக்க நடுவர் மேசையில் உட்கார்ந்தேன். பெண்கள் ஏறி நின்று ஆடும் குறுகலான கட்டையான பேலன்ஸ் பீமை அதுவரை நான் பாதிதான் பார்த்திருக்கிறேன் என்று அந்த முதல் நாளிலேயே தெரிந்துபோனது.

பயிற்சியாளர் நிற்பது பெரும்பாலும் பீமின் முனையில், டிஸ்மவுண்ட் என்ற கடைசிக் குதிப்பில் வந்து இறங்கும் மெத்தைக்குப் பக்கத்தில். அங்கே நின்றால் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தப் பாதை நம்மை நோக்கி நேராக வரும். இடுப்பு சாய்கிறதா, தோள் கோணுகிறதா, பாதம் நடுவில் விழுகிறதா, எல்லாம் தெரியும். சறுக்கினால் எட்டிப் பிடிக்கவும் வசதி. ஆனால் ஸ்ப்ளிட் லீப்பில், அதாவது ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் விரித்துத் தாவும்போது, கால்கள் எத்தனை டிகிரி விரிந்தன என்பது மட்டும் அங்கிருந்து தெரியாது. முன்கால் பின்காலை மறைத்துவிடும். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கோ அதுதான் முதலில் கண்ணில் படும்.

அந்தச் சீசனில் பீமுக்குப் பக்கவாட்டில்தான் எனக்கு இடம். முன்பின் தெரியாத ஒரு சிறுமி ஸ்விட்ச் லீப் போட்டாள்: காற்றிலேயே கால்களை மாற்றி விரிக்கும் தாவல். கால்கள் விரிய வேண்டியது 180 டிகிரி. 150கூட வரவில்லை. பென்சிலை எடுத்து 0.3 கழிவு என்று குறித்த அந்த நிமிடத்தில் நினைவுக்கு வந்தது என் மாணவியின் முகம்.

அவளுக்கு அப்போது 17 வயது. அவளுடைய பீம் ரொட்டீனை, அதாவது போட்டியில் எதை எந்த வரிசையில் செய்வாள் என்பதை, அமைத்தது நான்தான். ஸ்விட்ச் லீப்பிலிருந்து நிற்காமல் நேராக பேக் டக்: பின்னோக்கி ஒரு குட்டிக்கரணம். இரண்டும் கடினத்தில் சி மதிப்புள்ள எலிமெண்டுகள், அதாவது மதிப்பெண் உள்ள தனித்தனி அசைவுகள். தனித்தனியாகச் செய்தால் தலா 0.3. தடங்கலில்லாமல் இணைத்தால் கனெக்‌ஷன் போனஸாக இன்னொரு 0.1. அந்த 0.1க்காக எட்டு மாதம் உழைத்தோம்.

2006இல் பழைய 10 புள்ளி முறை போய் கடினத்துக்கு ஒன்று, செய்நேர்த்திக்கு ஒன்று என்று மதிப்பெண் இரண்டாகப் பிரிந்தபின் (இப்போதைய பெயர் டி, ஈ), பயிற்சியாளர்களின் கண் டி பக்கமே சாய்ந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. டி என்பது நம் கையால் எழுதிக் கூட்டக்கூடிய கணக்கு. அதிக மதிப்புள்ள 8 எலிமெண்டுகள், தலா 0.5 வீதம் நான்கு அமைப்பு நிபந்தனைகள், அதற்கு மேல் கனெக்‌ஷன். காகிதத்தில் ஓர் எலிமெண்டை மாற்றினால் மொத்தம் ஏறுவது அப்போதே கண்ணுக்குத் தெரியும். ஈ அப்படியல்ல. 10இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே போவார்கள்: சின்னப் பிழைக்கு 0.1, அடுத்ததற்கு 0.3, பெரியதற்கு 0.5, விழுந்தால் ஒரு முழுப் புள்ளி. எங்கே எவ்வளவு போனது என்று யாரும் வந்து விளக்க மாட்டார்கள். டி மதிப்பெண்ணில் குறை கண்டால் முறையிடலாம். ஈ மதிப்பெண்ணுக்கு முறையீடே கிடையாது. கேட்க முடியாத கணக்கை நாமும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

சீசன் முடிந்து திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, நடுவர் உட்காரும் இடத்தில் கேமராவை வைத்து அவளுடைய ரொட்டீனைப் படம் பிடித்ததுதான். பிறகு அவளுக்கு யாரோ போல இருந்து மதிப்பெண் போட்டேன். லீப்பில் கால் விரியாததற்கு 0.3. பாதம் நீளாததற்கு 0.1. பேக் டக் இறங்கியதும் தள்ளாடியதற்கு 0.3. சேர்ந்து 0.7. இத்தனைக்கும் அந்தக் கனெக்‌ஷனை டி நடுவர்கள் பல போட்டிகளில் ஏற்றுக்கொள்ளவே இல்லை. லீப்புக்கும் டக்குக்கும் நடுவில் அவள் கை ஒருமுறை பின்னால் போய் வரும். அந்த அரை நொடி போதும், இணைப்பு அறுந்துபோகும்.

இணைப்பைக் கண்ணைவிடக் காதுதான் சரியாகப் பிடிக்கும். பீமில் பாதம் விழும் ஓசைக்கு ஒரு தாளம் உண்டு. நல்ல கனெக்‌ஷனில் இரண்டு தட்டல்களும் ஒரே மூச்சில் வரும். அவளுடையதில் முதல் தட்டலுக்குப் பிறகு, மெல்லியதாக, குதிகால் மறுபடி அழுந்தும் ஓசை ஒன்று கேட்கும். எட்டு மாதமாக என் காதில் விழுந்த ஓசைதான். அதற்கு என்ன பொருள் என்று நான் யோசிக்கவில்லை.

அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள். "மேம், கால் முழுசா விரியறதுக்குள்ளயே மனசு அடுத்ததுக்கு ஓடிடுது." இன்னும் பத்துத் தடவை செய் என்று பதில் சொன்னேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. பிழை எங்கே இருக்கிறதென்று நடுவருக்கும் முன்னால் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கனெக்‌ஷனைப் பிரித்தோம். ஸ்விட்ச் லீப் தனியாக. இறங்கி, கைகளை மெல்ல விரித்து, தலையைத் திருப்பும் ஓர் அசைவு. அதன் பிறகு பேக் டக். காகிதத்தில் 0.1 குறைந்தது. மூன்றே வாரத்தில் லீப் 180ஐத் தொட்டது. கால் பலம் ஒன்றும் புதிதாகக் கூடிவிடவில்லை. அவசரம் போனது, அவ்வளவுதான். "அந்த இடத்துல மூச்சு விட நேரம் கிடைக்குது மேம்," என்றாள்.

மூச்சு விட இடம் என்பதை அதன் பிறகு ஒவ்வொரு ரொட்டீனிலும் தேட ஆரம்பித்தேன். தரையில் இசைக்கு ஆடும் ஃப்ளோரில் இது இன்னும் முக்கியம். 90 நொடிக்குள் முடிக்க வேண்டும். ஓடிவந்து கரணமடிக்கும் கடினமான டம்ப்ளிங்கைக் கால் களைக்கும் முன் முதலில் வைப்பது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் பலரும் டம்ப்ளிங், லீப், டர்ன் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் இடைவெளிகளை நிரப்பத்தான் நடன அமைப்பாளரைக் கூப்பிடுகிறார்கள். அப்போது அவருக்குக் கிடைப்பது மூலைகள் மட்டும். மூலையில் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஓடும் பெண்ணை நடுவர் பார்த்தால் கலைத்தன்மைக்கான கழிவு போடத்தான் செய்வார். போட்டதில் நியாயம் உண்டென்று இப்போது நினைக்கிறேன். இசையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே நடன அமைப்பாளரும் உட்கார வேண்டும். எந்த வரியில் அவள் மூச்சு வாங்குவாள் என்பது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

2024 பாரிஸ் ஃப்ளோர் இறுதிப் போட்டியை என்னால் அமைதியாகப் பார்க்க முடியவில்லை. அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு முதலில் 13.666. முழுச் சுற்று லீப் ஒன்றுக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை என்று அவருடைய பயிற்சியாளர் முறையிட்டார். நடுவர்கள் ஏற்றார்கள், 13.766 ஆனது, வெண்கலம் கிடைத்தது. கடைசியாக ஆடுபவருக்கு முறையீட்டு நேரம் ஒரு நிமிடம்தான். முறையீடு 4 நொடி தாமதம் என்று விளையாட்டு நடுவர் மன்றம் சொன்னதும், பதக்கம் 13.700 எடுத்திருந்த ருமேனியாவின் ஆனா பர்போசுவுக்குப் போனது. அதே 13.700 எடுத்த இன்னொரு ருமேனியப் பெண் சப்ரினா மனேகா வோய்னியா, ஈ மதிப்பெண் குறைந்ததால் அடுத்த இடம். கோட்டைத் தாண்டியதாக அவருக்குக் கழித்த 0.1 தவறு என்று வீடியோவைக் காட்டிப் பலர் வாதிட்டார்கள். மூன்று பெண்கள். யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. சைல்ஸ் தரப்பு மேல்முறையீட்டுக்கும் போனது.

பயிற்சியாளராக அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. போட்டி நாளில் டி கணக்கை எலிமெண்ட் வாரியாக எழுதி சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். திரையில் எண் வந்ததும் ஒப்பிட்டால் பத்து நொடியில் வித்தியாசம் தெரிந்துவிடும். கூடவே ரொட்டீன் அமைக்கும்போதே இன்னொன்றும் பார்க்கிறேன். எந்த லீப்பின் சுற்று ஒரு போட்டியில் முழுதாகவும் மறு போட்டியில் குறைவாகவும் வருகிறதோ, அதைச் சேர்ப்பதில்லை. என் மாணவியின் உழைப்பு யாரோ ஒருவரின் பார்வைக் கோணத்தில் தொங்கிக்கொண்டிருக்க நான் விடமாட்டேன்.

முனையில் நிற்பதே தப்பு என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 ஆன்ட்வெர்ப் உலகப் போட்டியில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் யுர்சென்கோ டபுள் பைக் வால்ட் (ஓடிவந்து மேசையில் கை ஊன்றி எழும்பி, காற்றில் பின்னோக்கி இரண்டு கரணம்) செய்தபோது, பயிற்சியாளர் லோரன் லாண்டி இறங்கும் மெத்தையின் மேலேயே நின்றார். அப்படி நின்றால் 0.5 கழிப்பார்கள். தெரிந்தேதான் நின்றார். அரைப் புள்ளி என்பது இந்த விளையாட்டில் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த முடிவின் எடை தெரியும். வால்ட்டில் தலை கீழாக இருக்கும்போது கணக்குத் தப்பினால் கழுத்து போய்விடும். அந்த 0.5ஐ விட்டுக்கொடுத்த மனிதரை நான் மனதார மதிக்கிறேன்.

இப்போது எங்கள் பயிற்சிக்கூடத்தில் பீமுக்குப் பக்கவாட்டில் நிரந்தரமாக ஒரு நாற்காலி கிடக்கிறது. பெண்கள் முறை வைத்து அதில் உட்கார்ந்து, ஒருத்தி ஆடும்போது இன்னொருத்தி கழிவுகளை எழுதுகிறாள். எலிமெண்டுகளுக்கான நடுவர் குறியீடுகள்கூட அவர்களுக்குப் பாதி அத்துப்படி. கண்ணைத் தாளுக்கு இறக்காமல் எழுதப் பழகுவதுதான் கஷ்டம் என்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் நானும் அங்கேதான் இருக்கிறேன்.

போன வாரம் அந்த மாணவி புது டிஸ்மவுண்ட்டை முதன்முறையாக உயர பீமிலிருந்து செய்யத் தயாரானாள். கையில் சாக்பொடி தடவி, ஏறி நின்று, மூச்சை இழுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"மேம், இன்னைக்கு மட்டும் முனைக்கு வாங்களேன்."

தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன்.