ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது?

ஆரத்தித் தட்டில் இருப்பது மஞ்சளும் சுண்ணாம்பும் தண்ணீரும்தான். சிவப்புச் சாயம் எதுவும் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பு போன்ற காரம் (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான பொருள்) பட்டால் செம்பழுப்பாகும், அமிலம் பட்டால் மஞ்சளுக்கே திரும்பும். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சை பிழிந்து பாருங்கள், சிவப்பு மறைந்துவிடும்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், மிளகளவு சுண்ணாம்பு போதும். சிவக்கவில்லையா? பெரும்பாலும் குற்றம் சுண்ணாம்பில். டப்பாவில் காய்ந்து கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கால்சியம் கார்பனேட் ஆகிவிடுகிறது, காரம் போய்விடுகிறது. மேலே தண்ணீர் நிற்க, இறுக்கி மூடி வைத்தால் நாள்பட நிற்கும்.

வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டி, சோப்புப் போட்டதும் கறை சிவந்து பயமுறுத்துவதும் இதே வேதியியல்தான். சோப்பும் காரம். நன்றாக அலசினால் மஞ்சளுக்குத் திரும்பும். மிச்சக் கறைக்குத் தேய்த்துத் துணியைக் கிழிக்க வேண்டாம். குர்குமின் நீரில் அவ்வளவாகக் கரையாது. ஆனால் வெயிலைத் தாங்காது. ஈரத்தோடு, கறை மேலே தெரியும்படி உச்சி வெயிலில் விரித்துப் போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை முதலில் சோப்பால் எடுத்துவிட வேண்டும். பருத்தி வெள்ளைக்கு மட்டும்தான் இந்த வழி. பட்டிலும் சாயத் துணியிலும் கறையோடு நிறமும் வெளுக்கும்.